வயசான நாய்க்கு வீட்டிலேயே சுகர் பார்க்கும் முறை

எங்கள் மணி ஸ்பிட்ஸ் ஜாதி. பதினோரு வயது, ஒன்பது கிலோ, இரண்டு கண்ணிலும் புரை. காலை ஏழுக்கும் ராத்திரி ஏழுக்கும் இன்சுலின். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் “நாய்க்குமா சுகர் வரும்?” என்று கேட்காத ஆளில்லை. வரும். அது மாத்திரைக்கு மசியாது, ஊசிதான். ஊசி போடுகிற வீட்டில் சுகர் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஏறிய சுகர் நாயை நாள்கணக்கில் வாட்டும். இறங்கிய சுகர் ஒரு மணி நேரத்தில் கவிழ்த்துவிடும்.

வீட்டுக்காரருக்குச் சுகர் பார்க்க வாங்கிய மெஷினே போதுமா என்றால், போதும்; ஆனால் அதன் குணம் தெரிய வேண்டும். நாய் ரத்தத்தில் எட்டில் ஏழு பங்கு சர்க்கரை பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், இருக்கிறது. மனுஷ ரத்தத்தில் சிவப்பணுவுக்குள்ளும் நிறைய இருக்கும். மனுஷக் கணக்குக்குச் செய்த மெஷின் அதனால் நாய்க்குப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். நாய்க்கென்றே மெஷின் உண்டு, ஸ்ட்ரிப் விலைதான் நமக்குக் கட்டாது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிற அன்று நம் மெஷினையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே ரத்தம் எடுக்கும்போதே நம் ஸ்ட்ரிப்பிலும் ஒரு சொட்டு வாங்கிப் பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும். அப்புறம் மெஷினை மாற்றாதீர்கள்.

குத்துவதற்கு நல்ல இடம் காதோரம். காதை வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓரமாக ஒரு நரம்பு ஓடுவது தெரியும். அந்த நரம்பில் குத்தக் கூடாது. நரம்புக்கும் காது விளிம்புக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடத்தில் குத்த வேண்டும். முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிஷம் காதில் சுற்றி வையுங்கள். காது சூடானால்தான் ரத்தம் வரும். பிறகு சொட்டு ஈரமில்லாமல் துடையுங்கள், தண்ணீர் கலந்தால் நம்பர் பொய் சொல்லும். ஸ்பிரிட் வேண்டாம், எரியும். ஒருமுறை எரிந்தால் மறுநாள் டப்பா திறக்கிற சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடும். விரல் நுனியில் வாஸ்லின் தொட்டு இலேசாகத் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் கடுகு மாதிரி உருண்டு நிற்கும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை அண்டக் கொடுத்து ஒரே குத்து. ஸ்ட்ரிப்பை மேலே தேய்க்காமல் நுனியை மட்டும் சொட்டில் காட்டினால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு, வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கு கொடுங்கள். மணி இப்போது கோழி வாசனைக்குத் தானே காதைக் கொண்டுவந்து நீட்டுகிறான்.

காது ஒத்துவராத நாய்க்கு மேலுதட்டின் உள்பக்கம் பார்க்கலாம். எச்சிலை மட்டும் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

வேளை வரிசை மாறக் கூடாது: முதலில் சுகர், பிறகு சாப்பாடு, சாப்பிட்டபின் ஊசி. சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது, அல்லது சாப்பாட்டுக்கு முன்பே நூறுக்குக் கீழே நிற்கிறது என்றால் ஊசியைத் தொடாமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். ஊசியிலும் கவனம் வேண்டும். ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிற மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் இருக்கிற மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

டாக்டருக்கு வேண்டியது ஒற்றை நம்பர் இல்லை, ஒருநாள் முழுக்க ஏறி இறங்குகிற கணக்கு. ஆஸ்பத்திரியில் நாய் மிரண்டு சாப்பிடாமல் கிடக்கும், அங்கே எடுக்கிற கணக்கு வீட்டுக் கணக்காகாது. காலை ஊசிக்கு முன் தொடங்கி ராத்திரி ஊசி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பாருங்கள். 150க்குக் கீழே போனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம். அன்றைக்கு இறங்குகிற அடிமட்டம் 80க்கும் 150க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 80க்குக் கீழே போனால் டோஸைக் குறைக்கிற பேச்சு டாக்டரிடம் உடனே. காலையில் 300 காட்டுகிறதே என்று நீங்களாக ஒரு யூனிட்டும் கூட்டாதீர்கள்; மதியம் அது எங்கே இறங்கியது என்று யாருக்குத் தெரியும்?

தள்ளாடுகிறது, நடுங்குகிறது, கூப்பிட்டால் ஒரு மாதிரி வெறிக்கிறது என்றால் நம்பரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவுங்கள். இல்லையென்றால் தேன். கருப்பட்டி குடலுக்குப் போய்ச் செரித்தபின்தான் வேலை செய்யும், அவசரத்துக்கு ஆகாது. வலிப்பு வந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், விரலையும் விடாதீர்கள். தெளிந்ததும் சாப்பாடு, அடுத்தது ஆட்டோ.

வெயில் ஸ்ட்ரிப்பின் எமன். சித்திரை வைகாசியில் எங்கள் தார்சாவே கொதிக்கும். ஜன்னலோரம் வைக்காமல் உள்ளறை அலமாரியில், டப்பா மூடி இறுக்கி வையுங்கள். பிரிட்ஜ் இன்சுலினுக்குத்தான், அதுவும் ஐஸ் பெட்டியை ஒட்டி இல்லை.

அத்தைதான் பெரிய சோதனை. “ஏளா, ஒரு துண்டு அல்வாதான, வாயப் பாத்துக்கிட்டே கெடக்கு பாவம்” என்பார்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்பதையும் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டேன். இப்போது கை தயங்குகிறது. சுகர் ஃப்ரீ மிட்டாயை மட்டும் நாய் எட்டுகிற இடத்தில் வைக்கவே கூடாது. சிலதில் சைலிட்டால் என்கிற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம்.

நோட்டில் நேரம், நம்பர், சாப்பாடு, யூனிட் ஆகியவற்றோடு குடித்த தண்ணீரையும் எழுதுங்கள். காலையில் லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழித்தால் போதும். ஒரு நாளில் கிலோவுக்கு நூறு மில்லிக்கு மேல் போனால், எங்கள் மணியின் ஒன்பது கிலோவுக்குத் தொள்ளாயிரம் மில்லி, சுகர் அடங்கவில்லை என்று பொருள். நாய் சோர்ந்து சாப்பிடாமல் இருந்தால் மூத்திரத்தை நீளக் கரண்டியில் பிடித்துக் கீட்டோன் (உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது சேருகிற பொருள்) பார்க்கிற ஸ்ட்ரிப்பை முக்கிப் பாருங்கள். நிறம் மாறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. டோஸ் மாற்றினால் ஒரு வாரமாவது போகட்டும், அப்புறம் அடுத்த முழுநாள் கணக்கு.