வால்சக்கர விமானத்தை இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூக்கின் கீழ் சக்கரமுள்ள செஸ்னா 172 விமானத்தில் பழகியவர், வாலின் கீழ் சக்கரமுள்ள பைப்பர் கப்பிலோ, ஒரு காலத்தில் நம் ஃப்ளையிங் கிளப்புகளில் பறந்த எச்ஏஎல் புஷ்பக்கிலோ ஏறினால் செய்யும் பெரிய தவறு, சக்கரம் தரை தொட்டதும் பெடல்களில் இருக்கும் கால்களைத் தளர்த்துவது. மூக்குச் சக்கர விமானத்தில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. சற்றுக் கோணலாக இறங்கினாலும் தானே நேராகிவிடும். வால்சக்கர விமானத்தில் அது பின்னால். டிராக்டர் டிரைலரை ரிவர்ஸ் எடுக்கும்போது மடங்குவதைப் போல, சின்னக் கோணல் நொடியில் பெரிதாகி, விமானம் சுழன்று நிற்கும். இதுதான் கிரவுண்ட் லூப். வெளிப்பக்க இறக்கை நுனி தரையில் உரசும். சக்கரக் கால் மடங்கினால் ப்ரொப்பெல்லரும் போகும்.

அடுத்தது ரடர், அதாவது பெடலை மிதித்தால் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை. மூக்கு நேராகும்வரை பெடலை அமுக்கியே வைத்திருந்தால் அது மறுபக்கம் தாண்டிப் போகும். சட்டென்று அமுக்கி, மூக்கு திரும்பத் தொடங்கியதுமே விட வேண்டும். கண் ஓடுபாதையின் கடைசியில் இருக்கட்டும். பக்கத்தில் பார்த்தால் கோணல் தாமதமாகத்தான் தெரியும்.

வலப்பக்கம் சுழன்றால் கார் ஓட்டிய கை ஸ்டிக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கம்பி) இடப்பக்கம் தள்ளும். அப்போது வலது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கீழிறங்கி, அந்தப் பக்கம் காற்றின் இழுவை கூடி, விமானத்தை இன்னும் வலப்பக்கமே திருப்பும். சுழற்சியால் ஏற்கெனவே தாழ்ந்த இடது இறக்கையும் மேலும் தாழும். நிமிர்த்த வேண்டியது காலால்.

காற்றைப் பற்றிக் குமரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆனால் வேகத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கோணத்தைக் கணக்கிடாமல் விடுவது தவறு. குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லாததால் பக்கத்துத் திருவனந்தபுரத்தையே எடுத்துக்கொள்வோம். ஓடுபாதை 32-ல் (திசை ஏறத்தாழ 320 டிகிரி) இறங்கும்போது நேர் மேற்கிலிருந்து (270 டிகிரி) 15 நாட் (மணிக்குக் கடல் மைல்) காற்று வீசினால் வித்தியாசம் ஏறத்தாழ 50 டிகிரி. பக்கக் காற்று 11 நாட்டுக்கு மேல். காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர் ரடரால் மூக்கை நேராக வைத்து, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் தொட விடுங்கள். வேகம் குறையக் குறைய ஏலரானைக் காற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டே போய் முழுதாக வையுங்கள். பலர் இங்கேதான் ஏலரானை நடுவில் விட்டுவிடுகிறார்கள்.

விமானம் துள்ளினால் ஸ்டிக்கை முன்னால் தள்ளாதீர்கள். அடுத்த துள்ளல் இன்னும் மோசமாகும், ப்ரொப்பெல்லர் தரையில் அடிக்கவும் கூடும். சின்னத் துள்ளலுக்கு மூக்கின் நிலையை மாற்றாமல் கொஞ்சம் த்ராட்டில் (எஞ்சின் விசை) போதும். பெரிதாக இருந்தால் முழு த்ராட்டில் கொடுத்து மேலேறிச் சுற்றி வந்து மறுபடி இறங்குங்கள்.

மூன்று சக்கரமும் தரையில் இருக்கும்போது ஸ்டிக் முழுக்கப் பின்னால் இருந்தால்தான் வால்சக்கரம் அழுந்தித் திருப்பும். வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் விமானம் மூக்கில் குத்தும். இத்தனையும் சரியாகச் செய்தும் விமானம் ஒரே பக்கம் இழுத்தால் டயர் காற்றழுத்தத்தையும், வால்சக்கரத்தின் ஸ்பிரிங்கும் சங்கிலியும் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.