பத்தாம் வகுப்புக் கொம்பியூட்டர் பாடம் படிக்காமல் நேரே பதினொன்றுக்குப் போவதென்றால்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஸ்காபரோவில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது: "பத்தில் கொம்பியூட்டர் எடுக்கவில்லை, பதினொன்றில் ஐசிஎஸ்3யூ (பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடம்) எடுக்க விடுவார்களா?"

எடுக்கலாம். ஒன்ராறியோ பாடத்திட்டத்தில் ஐசிஎஸ்3யூவுக்கு முன்நிபந்தனை கிடையாது. 2023இல் பழைய பத்தாம் வகுப்புப் பாடமான ஐசிஎஸ்2ஓவுக்குப் பதிலாக வந்த ஐசிடி2ஓ நல்ல பாடம்தான், ஆனால் அதைப் படித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்றில்லை. பன்னிரண்டாம் வகுப்பு ஐசிஎஸ்4யூவுக்குத்தான் ஐசிஎஸ்3யூ கட்டாயம். அதனால் பதினொன்றில் தயங்கி விட்டுவிடாதீர்கள். இலங்கையிலிருந்து இடையில் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பாடம் தெரிவு செய்யும்போது யாராவது "பத்தில் படிக்கவில்லையே" என்றால், முன்நிபந்தனை இல்லை என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கோடை விடுமுறைக்கு முன்பே பாட ஆசிரியரிடம் எந்தப் புரோகிராமிங் மொழியில் படிப்பிப்பார் என்று கேளுங்கள். பாடத்திட்டம் மொழியைக் குறிப்பிடவில்லை. சிலர் பைதன், சிலர் ஜாவா. ஜாவா என்றாலும் பைதனில் தொடங்குவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். தொடக்கக்காரரின் கவனம் அரைப்புள்ளியிலும் அடைப்புக்குறியிலும் போகாமல் கணக்கில் நிற்கும்.

வீட்டுக் கணினியில் பைதன் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் தோனி (Thonny) என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். வரி வரியாக ஓட்டி, எந்த மாறியில் (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயரில்) என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் சிஎஸ் சேர்க்கிள்ஸ் இணையப் பாடமும் இலவசம். பயிற்சியைச் செய்தவுடன் சரி பிழை சொல்லிவிடும். மாறி, இஃப் (நிபந்தனை), லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது), ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுதி), லிஸ்ட் (பட்டியல்): இந்த ஐந்தும் கைக்கு வந்தால் செப்டெம்பரில் பயமில்லை. வன்பொருள், கோப்புகளைப் பராமரிப்பது போன்றவற்றை வகுப்பிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் உண்மையில் தடுமாறுவது லூப்பில். வீடியோ பார்க்கும்போது எல்லாம் விளங்கியது போல இருக்கும். கையில் பேனாவைக் கொடுத்தால் நின்றுவிடுவார்கள். பைதனில் ரேஞ்ச்(1, 5) என்று லூப் போட்டு எண்களைக் கூட்டச் சொன்னால், பலர் விடை 15 என்பார்கள். ஓட்டிப் பார்த்தால் 10 வரும், ஏனென்றால் 5 சேராது, 4 உடன் நின்றுவிடும். இதற்கு ஒரே மருந்து தாளில் அட்டவணை போடுவது. இடப்பக்கம் லூப் எண், வலப்பக்கம் கூட்டுத்தொகை: 1க்கு 1, 2க்கு 3, 3க்கு 6, 4க்கு 10. எழுதி முடித்த பிறகே கணினியைத் தொடவேண்டும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புரோகிராமிங் தெரியத் தேவையில்லை. பக்கத்தில் இருந்து "இப்ப கூட்டுத்தொகை எவ்வளவு?" என்று கேட்டாலே போதும்.

இன்னொன்று, பைதனில் இன்புட் என்ற கட்டளையால் தட்டச்சு செய்ததை வாங்கினால் எதுவும் எழுத்தாகவே வரும். 5உம் 3உம் கொடுத்துக் கூட்டினால் 8 வராது, 53 வரும். இன்ட் என்ற கட்டளையைப் போட்டு எண்ணாக மாற்றவேண்டும். முதல் வாரத்திலேயே இதைப் பழக்கிவிடுங்கள்.

பிறகு கனேடியன் கம்பியூட்டிங் கொம்படிஷன் என்ற மாணவர் புரோகிராமிங் போட்டியின் பழைய ஜூனியர் கேள்விகளை எடுங்கள், வாட்டர்லூ தளத்தில் இருக்கின்றன. 2022இன் முதல் கேள்வி: பெரிய பெட்டியில் 8 கப்கேக், சின்னதில் 3, மாணவர் 28 பேர், ஆளுக்கொன்று கொடுத்தபின் மிச்சம் எத்தனை? பெரியது 2, சின்னது 5 என்றால் 16உம் 15உம் சேர்ந்து 31, மிச்சம் 3. முதலில் கையால் கணக்கு, பிறகு கோட். ஒவ்வொரு வருடத்திலும் முதல் இரண்டு கேள்விகள் போதும். அதைத் தாண்டினால் சில பிள்ளைகள் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

ஒன்ராறியோவில் இறுதி மதிப்பெண்ணில் 70 சதவீதம் தவணை முழுவதும் செய்யும் வேலைக்கு, 30 சதவீதம் கடைசி மதிப்பீட்டுக்கு. ஆகவே முதல் அசைன்மென்ட்டிலேயே விளங்காவிட்டால் அன்றைக்கே ஆசிரியரிடம் போகச் சொல்லுங்கள். எவ்வளவு முயன்றும் சரிவரவில்லை என்றால், செமஸ்டர் முறைப் பாடசாலையில் முதல் ரிப்போர்ட் கார்ட் வந்து ஐந்து பாடசாலை நாட்களுக்குள் பாடத்தைக் கைவிடலாம். அதற்குப் பிறகு விலகினால் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களில் அது ட்ரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) பதிவாகிவிடும். அந்தக் கடைசித் தேதியைப் பாடசாலை அலுவலகத்தில் கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள்.