மாட்டுக் கட்டியை அளந்து எழுதப் பழகினேன்

பர்மாவில் பெகு பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு நாலு கறவை மாடு. செவலைப் பசுவுக்கு உடம்பெல்லாம் கட்டி கிளம்பியபோது ரங்கூனில் இருக்கும் மருத்துவருக்கு, "கட்டி கட்டியா இருக்கு, பூச்சிக்கடிதான்" என்று எழுதி அனுப்பினேன். கடிக்கே மருந்து வந்தது. மூன்று நாள் வீணாகிப் போச்சு.

"காரணத்தை நீங்க முடிவு பண்ணாதீங்க ஐயா, கண்ணும் கையும் கண்டதை மட்டும் எழுதுங்க" என்றார். தையல் டேப்போடு கொட்டகைக்குப் போனேன். இப்படி எழுதினேன்:

"கழுத்து, விலா, மடி. இருபதுக்கு மேல். வட்டம், 2 முதல் 4 செ.மீ. தோலோடு சேர்ந்து மேடிட்டிருக்கு, விளிம்பு தெளிவு. அழுத்தினால் கெட்டி. இரண்டில் நடுத்தோல் கறுத்துச் செத்து, சுற்றிலும் ஈரப் பள்ளம். காய்ச்சல் 40.5 செல்சியஸ்."

அந்தக் 'கெட்டி' என்ற சொல்தான் முக்கியம். முற்றிய சீழ்க்கட்டி என்றால் விரலுக்குள் தளும்பும். புண்ணிலும் அப்படித்தான்: மேல்தோல் மட்டும் உரிந்ததா, அடிவரை குழிந்ததா என்று பிரித்துச் சொல்லணும். படம் எடுத்தால் பக்கத்தில் அளவுகோல் வேணும்.

படித்ததுமே தோல் கழலை நோயைச் சந்தேகித்து, மாதிரி எடுக்க ஆள் அனுப்பினார். கொசுவும் ஈயும் பரப்பும் நோயாச்சே; அன்று சாயங்காலமே செவலையைத் தனியே கட்டி, வேப்பிலைப் புகை போட்டோம்.