எடுத்து வைத்தால்தான் கொடுக்க வரும்

எங்கள் பாட்டி வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் களையவே ஆரம்பிப்பாள். பல வீடுகளில் இருந்த பழக்கம்தான், பிடி அரிசி என்பார்கள். கோயில் அன்னதானத்துக்குப் போகும், சர்ச்சுக்குப் போகும், சில வீடுகளில் வாசலில் வந்து நிற்பவருக்கே போகும். மிசோரமில் சர்ச்சைச் சேர்ந்த பெண்கள் இதையே 1910-லிருந்து ‘புஹ்ஃபாய் தாம்’ என்ற பெயரில் செய்துவருகிறார்கள். பாட்டி யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று தினமும் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. எடுத்து வைக்கிற வேலை காலையிலேயே முடிந்துவிடும், ஆள் வந்து நிற்கும்போது மனசோடு பேரம் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது.

நாமெல்லாம் சறுக்குவது அந்தப் பேரத்தில்தான். சிக்னலில் ஒருவர் கை நீட்டுகிறார், பர்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டுதான் இருக்கிறது, யோசிப்பதற்குள் பச்சை விழுந்துவிடுகிறது. மனசு இல்லாமல் இல்லை, சில்லறை இல்லை.

அதனால் முதலில் சில்லறை. நான் ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி, தினமும் நூறு ரூபாய் என்று வீராப்பாக ஆரம்பித்தேன். பொங்கலுக்கு முன்னாலேயே முடிந்துபோனது. இப்போது நாளைக்கு இருபது ரூபாய். ஞாயிறு ராத்திரி பதினான்கு பத்து ரூபாய்த் தாள்களை எண்ணிப் பையின் வெளி ஜிப்பில் வைத்துவிடுவேன், டீக்கோ பஸ்ஸுக்கோ அதைத் தொடுவதில்லை. உங்களுக்கு ஐந்து ரூபாய்தான் கட்டுப்படியாகும் என்றால் ஐந்து. அதுவும் முடியாதென்றால் பிடி அரிசியே இருக்கிறது. ஒரு நாள் ஆர்வத்தில் தராசில் வைத்துப் பார்த்தேன், என் கைக்கு ஒரு பிடி 42 கிராம் வந்தது, மாதத்துக்கு ஒன்றேகால் கிலோ. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு பிடி போட வேண்டும் என்பது பாட்டியின் சட்டம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாக்கி சேர்ந்தால் கடன்காரனைப் பார்ப்பது மாதிரி அந்தக் கலயத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

அடுத்து, ‘காசைக் கொடுத்தால் குடிப்பாரே’ என்ற கேள்வி. சந்தேகம் வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள், பக்கத்திலேயே நின்று நீங்களும் ஒன்று குடியுங்கள், அதற்கு மேல் துப்பறிய வேண்டியதில்லை. ஒரே ஒரு விலக்கு, குழந்தைகள். பிச்சை எடுக்கிற பிள்ளை கையில் காசு வைத்தால் அது பெரும்பாலும் அந்தப் பிள்ளையிடம் தங்காது. 1098-க்குப் போன் போட்டு இடத்தைச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் நான் ஒருமுறை நன்றாக மூக்குடைபட்டேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசல், வெள்ளிக்கிழமை மத்தியானம், நோயாளிகளோடு துணைக்கு வந்தவர்கள் மரத்தடியில் படுத்திருந்தார்கள். பத்து சாம்பார் சாதப் பொட்டலத்தோடு போய் நின்றேன். ஒரு அம்மா தலைமாட்டைக் காட்டினார், அங்கே ஏற்கெனவே மூன்று பொட்டலம். “வெள்ளிக்கிழமைன்னா எல்லாரும் கொண்டாந்துடுறாங்க தம்பி. இந்த போனை எங்கயாவது சார்ஜ் போட்டுத் தர முடியுமா? ஊர்ல புள்ள தனியா இருக்கு.” பக்கத்து ஜெராக்ஸ் கடையில் முக்கால் மணி நேரம் போட்டு வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் பேசிக்கொண்டிருந்ததில் தெரிந்தது, அங்கே தட்டுப்பாடு குளியல் சோப்புக்கும், கட்டணக் கழிப்பிடத்துக்குத் தருகிற சில்லறைக்கும்தான். அதனால் வாங்கிக்கொண்டு போவதற்கு முன்னால் “சாப்பிட்டாச்சா? வேற ஏதாவது வேணுமா?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குத்தான் கூச்சமாக இருக்கும், கொடுப்பதற்கு அவ்வளவு இருக்காது, ஏனென்று தெரியவில்லை.

காசே வேண்டாத கொடை என்றால் நான் முதலில் சொல்வது பேனா. பேங்கில் நூல் கட்டித் தொங்கும் பேனா எழுதாது என்பது ஊரறிந்த விஷயம். “கண்ணாடிய வீட்லயே விட்டுட்டேன், இதைக் கொஞ்சம் எழுதித் தர்றீங்களா?” என்று பாஸ்புக்கை நீட்டுகிற பாட்டிகளில் பாதிப் பேருக்குக் கண்ணாடியே கிடையாது என்பது என் அனுமானம். அதைத் தோண்டக் கூடாது. சலானை எழுதிவிட்டுக் கணக்கு எண்ணையும் தொகையையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள் (தொகையை மட்டும் கொஞ்சம் மெதுவாக, பின்னால் ஆள் நிற்பார்), பாஸ்புக்கை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஏடிஎம் கார்டை நீட்டி ரகசிய எண்ணைச் சொல்ல வந்தால் மட்டும் வாங்காதீர்கள், உள்ளே இருக்கிற ஊழியரிடம் கூட்டிப் போய் விடுங்கள், அதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

சித்திரை, வைகாசியில் வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை. தரையில் மணலைப் பரப்பி நனைத்து அதன்மேல் மண்பானை, சுற்றி ஈரத்துணி, மேலே மூடி. நீளக் காம்பு வைத்த அகப்பை ஒன்று போட்டுவிட்டால் யாரும் கையை விட்டு மொள்ள மாட்டார்கள். தினமும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற முடியுமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் வேண்டாம், கொசு வளர்த்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

ரத்தம் கொடுப்பதற்கும் தேதி குறித்து வைத்துக்கொள்ளலாம். 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். சாலையில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108. போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களோ என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்கிறது, பேரைச் சொல்லச் சொல்லியும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இதையும் முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்வதுதான் நல்லது, ஆள் கீழே கிடக்கும்போது சட்டத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கணக்கு எழுதாதீர்கள். நான் எக்ஸெலில் எழுதிப் பார்த்தேன், மூன்றாவது வாரமே அது புண்ணியப் பேரேடு மாதிரி ஆகி, வீட்டில் சண்டை வந்தபோது ‘நான் எவ்வளவு செய்கிறேன் தெரியுமா’ என்று நானே அதை மேற்கோள் காட்டினேன். அழித்துவிட்டேன். போட்டோ பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை, சோற்றுக்குக் கை நீட்டுகிறவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, வாங்கிக்கொள்ளவும் பழகுங்கள். போன மாசம் டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை இல்லை, என்னிடம் இருந்ததும் ஐந்நூறு ரூபாய் நோட்டு, அன்றைக்குப் பார்த்து வெளி ஜிப்பும் காலி. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அக்கா என் டிக்கெட்டுக்கும் சேர்த்துக் காசை நீட்டிவிட்டார். நான் பதறிப்போய் ஜிபே நம்பர் கேட்டேன். “அட, போங்க தம்பி” என்று கூடையை மடியில் நகர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். இறங்கும்வரைக்கும் எனக்குக் கூச்சமாகவே இருந்தது. என்னிடம் வாங்கியவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது.