கதவு இடைவெளியும் நசுங்கிய ரப்பரும்

பழைய ஜீப்பின் ஓட்டுநர் கதவு நாலு நாள் என்னைப் படுத்தியது. கதவின் பின்விளிம்பில் மேலே 9 மில்லிமீட்டர் இடைவெளி, கீழே வெறும் 3. கீல்களுக்கு அடியில் தகடு வைத்தேன், கீல் ஊசிகளை மாற்றினேன். மேலே சரியானால் பூட்டு இடித்தது.

அப்புறம் வேறு வேலைக்காக முன்பக்கம் சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, ஜாக்கி கொடுத்தபோது, அந்த இடைவெளியே மாறியது! ஆக, கோளாறு கதவில் இல்லை. கதவுக் கீல்கள் மாட்டியிருக்கும் தூணுக்கு அடியில், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருந்த தாங்கு ரப்பர் (பாடி மவுண்ட்) வெளியே பார்க்க நல்லாத்தான் இருந்தது; கழற்றினால் உள்ளே நசுங்கிப் பிஸ்கட் மாதிரி இருந்தது. அதனால் தூண் முன்னால் சாய்ந்திருக்கிறது.

பக்கத்து மவுண்ட் போல்ட்டுகளையும் தளர்த்தி, பலகை வைத்து பாடியைத் தூக்கி, புது ரப்பரோடு 3 மில்லிமீட்டர் தகடும் சேர்த்தேன். வண்டியை நாலு சக்கரத்தில் நிறுத்தி அளந்தால் மேலும் கீழும் 6. அப்பாடா!