இன்வெர்ட்டரில் மாஸ்ஃபெட் மாற்றும்போது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாண நாட்களில் முழுச் சுமையுடன் ஓடும் இன்வெர்ட்டரில், இணையாகப் பூட்டிய மாஸ்ஃபெட்டுகளில் (மின்னோட்டத்தை ஆன், ஆஃப் செய்யும் மின்னணுச் சுவிட்சுகளில்) ஒன்று வெடித்தால், அதை மட்டும் மாற்றுவது என் கருத்தில் வீண்செலவு. வரிசை முழுவதையும் ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவையாக மாற்றிவிட வேண்டும்.

சூடேறும்போது மாஸ்ஃபெட்டின் மின்தடை கூடுவதால், கடத்தும் நிலையில் மின்னோட்டம் ஓரளவு தானாகவே சமமாகிவிடும். ஆனால் ஆன், ஆஃப் ஆகும் கணத்தில் இந்த உதவி கிடைக்காது. மாஸ்ஃபெட்டின் கட்டுப்பாட்டு முனையான கேட்டில், கடத்தலைத் தொடங்கத் தேவையான தொடக்க மின்னழுத்தம் வெப்பத்தால் குறைவதால், சூடானதே முந்திக் கடத்தத் தொடங்கி, பிந்தி நின்று, மேலும் சூடேறுகிறது.

ஆகவே ஒவ்வொரு கேட்டுக்கும் தனி ரெசிஸ்டர் இருக்க வேண்டும். வெடித்த மாஸ்ஃபெட்டின் கேட் ரெசிஸ்டர் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருக்கக்கூடும் என்பதால், கழற்றி மீட்டரில் அளந்த பிறகே புதிய மாஸ்ஃபெட்டைப் பற்றவையுங்கள். எல்லா மாஸ்ஃபெட்டுகளையும் ஒரே ஹீட் சிங்கில் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகத்தில்) இறுக்குங்கள்.