1/72 லிபரேட்டர்: பிளாஸ்டிக் கிட்டை நிஜ விமானம்போல் காட்டும் செய்முறை

வேலையைத் தொடங்குமுன் ஒரு கணக்கை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 1/72 மாடலில் 1 மி.மீ. என்றால் உண்மையான விமானத்தில் 72 மி.மீ. எதை ஒட்டினாலும், எங்கே கீறினாலும், ஒரு புள்ளி வைத்தாலும் 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். அரை மி.மீ. கம்பியை இன்ஜினில் ஸ்பார்க் பிளக் வயர் என்று ஒட்டினால் நிஜத்தில் அது 36 மி.மீ., தண்ணீர்க் குழாய்த் தடிப்பு. புதிதாகச் செய்பவர்களின் மாடல் பொம்மைபோல் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்தத் தடிப்புதான் காரணம்.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானமான பி-24 லிபரேட்டர். இறக்கையின் முழு அகலம் 33.5 மீட்டர், மாடலில் 46.5 செ.மீ. இரண்டாம் உலகப் போரில் வங்காளத்தின் பாண்டவேஸ்வரிலிருந்து அமெரிக்கர்கள் இதில் பர்மாவுக்குப் பறந்தார்கள். போர் முடிந்து பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் விட்டுப்போன விமானங்களை பெங்களூரின் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை பழுதுபார்த்துக் கொடுக்க, நம் விமானப்படை 1948 முதல் 1968 வரை ஓட்டியது. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில இங்கிருந்து போனவைதான். ஆனால் அவை மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டவை. அழுக்கும் தேய்மானமும் எங்கே விழும் என்று பார்க்க, போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படங்களை நம்புங்கள்.

வாங்க வேண்டியவை

கிட், பெயின்ட், பிளாஸ்டிக் ஒட்டும் திரவப் பசை ஆகியவற்றை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். மற்றவை மதுரைக்குள்ளேயே கிடைக்கும். 0.3, 0.5 மி.மீ. டிரில் பிட்டும் அதைப் பிடித்து விரலால் சுழற்றும் கைப்பிடியும் நகை வேலைக்காரர்கள் பயன்படுத்துபவை. தெற்காவணி மூல வீதிப் பக்கம் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் 26 கேஜ் ஊசி நான்கைந்து. சைக்கிள் கடையில் பேரிங் பால்ஸ் ஒரு கைப்பிடி. எம்-சீல் ஒரு பாக்கெட், ஃபெவிகால், ஃபெவிகுயிக், கெட்டுப்போன இயர்போன் ஒன்று, ஊதுபத்தி. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் ஒரு பாட்டில் வேண்டும். போர்வெல் தண்ணீரில் டீக்கால் (மாடலில் ஒட்டும் சின்னப் படங்கள்) ஊறவைத்தால் காய்ந்தபின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும்.

ஒட்டுவதற்கு முன்

உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் உடனே சேர்த்துவிடாதீர்கள். நடுப்பகுதியில் துப்பாக்கி வைக்கும் பக்க ஜன்னல்களைப் பாருங்கள். பிளாஸ்டிக் தடிப்பு 1.5 மி.மீ. இருந்தால் நிஜத்தில் அது 108 மி.மீ., கிட்டத்தட்ட அரைச் செங்கல் சுவர்! உண்மையான அலுமினியத் தகடு ஒரு மி.மீ.கூட இராது. உள்பக்கத்திலிருந்து பிளேடைச் சரித்துப் பிடித்து, வெளி விளிம்பு காகிதம்போல் ஆகும்வரை சுரண்டுங்கள். வெட்டாமல் சுரண்டவேண்டும், வெட்டினால் பிளேடு வழுக்கி வெளித்தோலைக் கீறிவிடும். இன்ஜின் மூடியின் முன் விளிம்புக்கும் இதே வேலை. காசே செலவில்லாத இந்த ஒரு மணி நேர வேலை, விலை உயர்ந்த உலோகத் துணைப்பாகங்களைவிட அதிகமாகக் கண்ணில் படும்.

அடுத்து குண்டு அறை. லிபரேட்டரின் குண்டு அறைக் கதவு கீழே தொங்காது. கடை ஷட்டர்போல் உடலின் பக்கவாட்டில் சுருண்டு மேலே ஏறும். திறந்த நிலையில் காட்ட நினைத்தால் கதவைக் கீழே தொங்கவிட்டுவிடாதீர்கள். அறையின் நடுவே ஆள் நடக்கும் பலகை சுமார் 23 செ.மீ. அகலந்தான்; மாடலில் 3.2 மி.மீ. கிட்டில் அதைவிட அகலமாக இருந்தால் இருபுறமும் தேய்த்துக் குறையுங்கள். விமானியறைக்கு அடர்பச்சை. குண்டு அறைக்கு வெறும் அலுமினிய நிறமோ மஞ்சள் கலந்த பச்சையோ அடிக்கலாம், தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறியது. வெளியிலிருந்து தெரியாத மூலைகளில் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

மூக்கில் எடை

லிபரேட்டருக்கு முன்சக்கரம் உண்டு. எடை வைக்காவிட்டால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும், உடலை ஒட்டிய பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. எல்லாப் பாகங்களையும் டேப்பால் ஒட்டிக் கட்டி, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் இரண்டு விரலால் தாங்கி, மூக்கு கீழே சாயும்வரை பால்ஸ் சேர்த்துப் பாருங்கள். பெயின்ட், டீக்கால் எடைக்காக இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். விமானியறைத் தரைக்கு அடியில் இடம் போதாவிட்டால் நான்கு இன்ஜின் மூடிகளுக்குள்ளும் வைக்கலாம், அவை பின்சக்கரத்துக்கு முன்னால்தான் இருக்கின்றன. எம்-சீலில் புதைத்து உறுதியாக்குங்கள். தூண்டில் ஈயத்தை ஃபெவிகாலில் ஒட்டுவது ஆபத்து. சில ஆண்டுகளில் ஈயம் அரித்து வெள்ளையாகப் பொங்கி, உடலையே பிளந்துவிடும்.

இன்ஜினும் துப்பாக்கியும்

இதன் ட்வின் வாஸ்ப் இன்ஜினில் 14 சிலிண்டர், முன்வரிசையில் 7. இயர்போன் வயரை உரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகளைப் பிரியுங்கள். 0.1 மி.மீ. இழை நிஜத்தில் 7 மி.மீ., பிளக் வயருக்குச் சரியான அளவு. சிலிண்டர் தலைக்கு ஒன்றாக ஏழு இழைகளை முன்புற வளையத்திலிருந்து வளைத்து, ஊசி முனையில் தொட்ட ஃபெவிகுயிக்கால் ஒட்டுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள், இழை பறந்தால் திரும்பக் கிடைக்காது.

கிட்டில் வரும் துப்பாக்கிக் குழல் அனேகமாகத் தடித்துத்தான் இருக்கும். 26 கேஜ் ஊசியின் வெளித்தடிப்பு 0.46 மி.மீ.; 72-ஆல் பெருக்கினால் 33 மி.மீ., உள்ளே துளையும் தயார். அரத்தால் சுற்றிலும் கீறி, இரண்டு இடுக்கியால் பிடித்து ஒடியுங்கள். கத்தரியால் வெட்டினால் வாய் நசுங்கிவிடும். சாய்வான கூர்முனையை முதலில் தேய்த்து எடுத்து, துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகால் மட்டும். ஃபெவிகுயிக்கின் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும்.

பெயின்ட், அழுக்கு, தேய்மானம்

மேல்பக்கம் ஆலிவ் டிராப் என்ற பழுப்பு கலந்த பச்சை, அடிப்பக்கம் சாம்பல். ஆலிவ் டிராப் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். 10 பங்குக்கு 2 பங்கு வெளிர் மண்நிறம் கலந்து, தகடுகளின் நடுவில் மட்டும் நீர்க்க விடுங்கள். மதுரையின் சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். காலையில் அடியுங்கள், தட்டில் அடிக்கடி ஒரு சொட்டுத் தண்ணீர் சேருங்கள். ஐப்பசி அடைமழையில் வார்னிஷ் அடித்தால் ஈரப்பதத்தில் வெளுத்துப் பூத்துப்போகும், வெயில் வரும்வரை பொறுங்கள்.

டீக்கால் ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி மாதிரி மின்னும். டீக்கால் காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு வார்னிஷ். அது நன்றாக இறுகியபின் தகட்டுக் கோடுகளில் நீர்த்த ஆயில் பெயின்ட் ஓடவிட்டு, உபரியைத் துடைத்தெடுங்கள். கறுப்பு வேண்டாம், பழுப்பு கலந்த சாம்பல் எடுங்கள். 0.2 மி.மீ. கோடு நிஜத்தில் 14 மி.மீ. இடைவெளி, கறுப்பு போட்டால் தகடுகள் பிரிந்து நிற்பதுபோல் தெரியும்.

பெயின்ட் உரிந்த இடத்தில் தெரிவது அலுமினியம். துருநிறம் போடாதீர்கள், அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஸ்பாஞ்சுத் துண்டை அலுமினிய நிறத்தில் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி ஒற்றி எடுத்துவிட்டு, இன்ஜின் மூடி, ஆட்கள் மிதிக்கும் இடம், புரொப்பெல்லரின் முன்விளிம்பு ஆகியவற்றில் லேசாக ஒற்றுங்கள். இறக்கையின் பின்விளிம்பில் வெளிமுனைப் பக்கம் அசையும் எய்லரானுக்கும், வாலில் அசையும் பாகங்களுக்கும் துணிதான் போர்த்தியிருந்தார்கள். அங்கே உலோகப் புள்ளி ஒன்றுகூட வரக்கூடாது, நிறம் மட்டும் சற்று வெளுத்திருக்கட்டும்.

புகைக்கறையைப் பலர் இறக்கையின் மேல் பூசிவிடுகிறார்கள். லிபரேட்டரில், இன்ஜின் புகையால் சுழன்று காற்றை அழுத்தித் தரும் டர்போ சூப்பர்சார்ஜர் இன்ஜின் கூட்டின் அடியில் இருக்கிறது. புகை இறக்கையின் அடிப்பக்கமாகப் பின்னோக்கி ஓடும். சாக் தூளில் சாம்பலும் கறுப்பும் கலந்து, காய்ந்த தூரிகையால் காற்று ஓடும் திசையில் இழுங்கள். பிறகு மொத்தத்துக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்.

கடைசியில் ரேடியோ ஏரியல் கம்பி

பாகங்களை எடுத்தபின் கிட்டில் மீந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்தித் தீக்கு 3 செ.மீ. மேலே உருட்டிக்கொண்டே காட்டுங்கள். நடுவில் தொய்ந்ததும் தீயிலிருந்து விலக்கி, இரு கைகளாலும் நிதானமாக இழுத்து, இறுகும்வரை அப்படியே பிடியுங்கள். வேகமாக இழுத்தால் இழை இன்னும் மெல்லிசாகும். தலைமுடி ஒன்றின் தடிப்பே நிஜத்தில் 5 மி.மீ. ஆகும், அதைவிட மெல்லிய இழையைப் பொறுக்குங்கள். ஒரு முனையை ஒட்டிக் காயவிட்டு மறுமுனையை ஒட்டுங்கள், கொஞ்சம் தொய்ந்தாலும் பரவாயில்லை. இரண்டும் இறுகியபின் ஊதுபத்தியின் கங்கை இழைக்கு அடியில் ஒரு செ.மீ. தள்ளி மெதுவாக நகர்த்துங்கள். இழை தானாகச் சுருங்கி விறைத்துக்கொள்ளும். தொட்டால் அறுந்துவிடும், அறுந்தால் புதிதாக இழுக்க ஐந்து நிமிடம் போதும்.